துபாய்க்கு எத்தனை நிறம்?

போன மாசம் ஊரிலிருந்து புதுசா வந்த ஜூனியர் பசங்களுக்காக ஒரு துபாய் மேப் வரைய உட்கார்ந்தேன். அப்ரா படகு, பழைய கோட்டை, மீனா பஜார், கராமா மெஸ் எல்லாம் குட்டிக் குட்டிச் சித்திரமாய். கருப்புக் கோட்டில் வரைந்து இருபது ஜெராக்ஸ். கலருக்குக் கையில் இருந்தது ரெண்டே ஸ்கெட்ச் பேனா, சிவப்பும் பச்சையும். ஒவ்வொரு காப்பியிலும் கையால் தீட்ட வேண்டியதுதான்.

மூணாவது காப்பியிலேயே விரல் வலி. அப்போதான் உறைத்தது, அந்தக் காலத்து மேப்காரர்கள் செய்ததும் இதேதான் என்று :)

கொஞ்சம் பின்னாடி போவோம். 1819 டிசம்பரில் பிரிட்டிஷ் படை ராஸ் அல் கைமாவைத் தாக்கியது. 1820-ல் கரையோர ஷேக்குகளோடு ஒப்பந்தம். அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்படையான பம்பாய் மரைன், இந்தக் கரை முழுக்க அளக்கக் கிளம்பியது. 1822-ல் லெப்டினன்ட் கோகன் துபாய் க்ரீக்கை அளந்தார். அந்தப் படத்தை இப்போ கத்தார் டிஜிட்டல் லைப்ரரியில் யார் வேணும்னாலும் பார்க்கலாம். தலைப்பில் க்ரீக்கை 'பேக்வாட்டர்' என்று எழுதியிருக்காங்க, ஏதோ ஆலப்புழை மாதிரி!

அன்றைய துபாயில் சுமார் ஆயிரம் பேர். சுற்றி மண்சுவர், உள்ளே ஆடும் ஒட்டகமும். ஆனா அளக்க வந்தவர்கள் கவலை வேற. கப்பல் எங்கே வரலாம், எங்கே தரை தட்டும்? படம் யாருக்காகவோ, அவருக்கு வேண்டியதுதான் படத்தில் பெரிசாகும்.

அந்தக் காலத்தில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்தால் ஒரே மை. நிறம் வேணும்னா ஒவ்வொரு பிரதியிலும் ஒருத்தர் தூரிகையால் தீட்டணும். பிறகு லித்தோவில் கலர் அச்சு வந்தபோதும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், தனி ஓட்டம். கல் துளி நகர்ந்தால் நிறம் கோட்டைத் தாண்டிவிடும். அதனால் மணலுக்குப் புள்ளி, மேட்டுக்குச் சின்னச் சின்னக் கீறல் என்று கருப்பை வைத்தே சமாளித்தார்கள். நிறம் செலவானால், 'இது எதுக்கு?' என்ற கேள்வி தானா வரும்.

இப்போ மெட்ரோ படத்தைப் பாருங்க. 2009 செப்டம்பர் 9-ல் சிவப்பு லைன், 2011 செப்டம்பர் 9-ல் பச்சை லைன். ரெண்டுமே க்ரீக்குக்கு அடியில் போகுது. 1822-ல் படமே க்ரீக்தான். இன்னைக்கு அது ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஓர் இடைவெளி.

நானும் அதே சிவப்பு பச்சையை எடுத்து, மெட்ரோவுக்குச் சிவப்பு, நம்மாளுங்க புழங்கும் இடத்துக்குப் பச்சை என்று தீட்டி ரூம்மேட்டிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எல்லாம் ஒரே கலரா இருக்கேடா?"

அவனுக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை. ரெண்டு வருஷம் ஒரே ரூமில் இருந்தும் எனக்குத் தெரியாது. உலகத்தில் இது அபூர்வமும் இல்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூத்துக்குச் சுமார் 8 பேருக்கு உண்டு. நிறம் மாறினால் மட்டும் போதாது, ஒன்று அடர்த்தியாகவும் இன்னொன்று வெளிறியும் இருக்கணும். சோதிக்க ஒரு கருப்பு வெள்ளை ஜெராக்ஸ் போதும். அதிலும் வித்தியாசம் தெரிந்தால் பாஸ்.

கருநீலமும் ஆரஞ்சும் கடன் வாங்கி மறுபடி இருபது காப்பி. நீலம் மெட்ரோவுக்கு. ஆரஞ்சு தீட்டும்போதுதான் கவனித்தேன், நான் படிக்கும் அகாடமிக் சிட்டி மெட்ரோ படத்தில் இல்லை. ப்ளூ லைன் 2029-ல் வரும் என்கிறார்கள், நான் அதுக்குள்ள படிச்சு முடிச்சிருப்பேன், ஹி ஹி. சோனாப்பூரும் இல்லை. முஹைஸ்னா பக்கம், லேபர் கேம்ப்கள் இருக்கும் ஏரியா. இந்தியில் 'தங்க நகரம்' என்று அர்த்தம். எங்க ஊர் அண்ணன்கள் பாதிப்பேர் அங்கேதான். இந்த ஊர்க் கட்டடங்களில் அவங்க கை படாதது எது?

இருபது காப்பியிலும் அங்கே ஓர் ஆரஞ்சுப் பொட்டு வைத்தேன். ஒரு காப்பியை வெள்ளிக்கிழமை பார்க்கப் போனபோது கொடுத்தேன். ஓர் அண்ணன் பொட்டு மேல் விரல் வைத்து, "நம்ம இடமும் இருக்கேடா தம்பி" என்றார்.

உங்க ஊரை மூணே நிறத்தில் வரையச் சொன்னா, மூணாவதை எதுக்குக் கொடுப்பீங்க? பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க மக்களே.