பரூச்: நிலவு நடத்திய துறைமுகம்

பழங்கால இந்தியாவின் கடல் வணிகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பருவக்காற்றிலிருந்துதான் தொடங்குவார்கள். தென்மேற்குக் காற்றைப் பிடித்து நடுக்கடலைக் குறுக்கே கடக்கும் வழியைக் கண்டவன் ஹிப்பாலஸ் என்ற செய்தி பள்ளிப் பாடம்வரை வந்துவிட்டது. காற்று கப்பலைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் எதுவரை? நர்மதை கடலோடு கலக்கும் முகத்துவாரம்வரைதான். அன்றைய மேற்குக் கரையின் முதன்மைத் துறைமுகமான பரூச், கிரேக்கர்கள் பாரிகாசா என்று அழைத்த ஊர், அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் ஆற்றுக்குள்ளே இருக்கிறது. அந்தக் கடைசி 50 கிலோமீட்டரும் நிலவின் பொறுப்பில் இருந்தது. நிலவின் கணக்கு தெரிந்தவர்கள் அந்தக் கரையின் மீனவர்கள். அவர்களை நாடாளும் அரசனே தன் ஊழியத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பரூச்சின் வரலாற்றில் காற்றுக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது இந்த ஏற்பாட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

நிலவின் ஈர்ப்பு பூமியின் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை. நிலவைப் பார்த்த பக்கத்தில் கூடுதலாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் இருக்கும் அந்த வேறுபாடுதான் கடலை ஏறவும் வற்றவும் வைக்கிறது. சூரியனும் இதைச் செய்கிறது, ஆனால் அதன் வலு நிலவின் வலுவில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் சேர்வதால் ஓதம் பெருகும். அட்டமியை ஒட்டித் தணியும். இது எல்லாக் கடலுக்கும் பொது. ஆனாலும் தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 1 மீட்டரைத் தொடுவதே அரிது. அதனால் நம் கரையில் நிற்பவருக்கு நிலவின் வேலை அவ்வளவாகக் கண்ணில் படாது. காம்பே வளைகுடாவில், பாவ்நகர் பக்கத்தில், பெரிய ஓதத்தின்போது அந்த வேறுபாடு 10 மீட்டரைத் தாண்டுகிறது. வாய் அகன்று, உள்ளே போகப்போகக் குறுகி, ஆழமும் குறைந்துகொண்டே வரும் வளைகுடா அது. நுழைந்த நீருக்குப் பக்கவாட்டில் பரவ இடமில்லாததால் மேலே ஏறுகிறது. ஆறு மணி நேரம் ஏறி, ஆறு மணி நேரம் வற்றி, மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி மீண்டும் அதே வேலையைத் தொடங்குகிறது.

கி.பி. 1ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற நூலின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. எகிப்திலிருந்து வந்த கிரேக்க மொழி வணிகர் என்பது மட்டும் தெளிவு. மற்றத் துறைமுகங்களைச் சில வரிகளில் கடந்துவிடும் அவர், பரூச்சின் ஓதத்தைச் சொல்லும்போது மட்டும் நின்று விவரிக்கிறார். சற்றுமுன் கப்பல் ஓடிய இடத்தில் திடீரென்று தரை தெரிகிறது. ஆறு தன் ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி ஓடுகிறது. பெரிய கப்பல் மணல்திட்டில் சாய்கிறது, சிறிய படகு கவிழ்ந்தே போகிறது. அமாவாசையை ஒட்டிய இரவு ஏற்றத்தில் முதலில் கேட்பது தொலைவில் படை ஆர்ப்பரிப்பது போன்ற ஓசை, பிறகு திட்டுகளின்மேல் சீறிப் பாயும் நீர். மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறிது என்பதால் அங்கிருந்து வந்தவர்களுக்கு இது தெரிய வழியில்லை. கி.மு. 325இல் சிந்து நதி முகத்துவாரத்தில் அலெக்சாந்தரின் கப்பல்கள் வற்றத்தில் தரைதட்டிக் கிடந்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஆரியன் எழுதியிருக்கிறார்.

இந்த ஆபத்துக்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் பெரிப்ளூஸ் சொல்கிறது. அரசனின் ஊழியத்திலிருந்த உள்ளூர் மீனவர்கள், ஆள்பலம் மிக்க பெரிய படகுகளில் சௌராஷ்டிரக் கரைவரை எதிர்கொண்டு போய், வரும் கப்பல்களை அழைத்து வருவார்கள். ஏற்றம் தொடங்கியதும் படகுகளில் கட்டி இழுத்துப் புறப்படுவார்கள். வற்றம் தொடங்குமுன் ஆற்றில் ஆழமான மடு ஒன்றில் நிறுத்திவிடுவார்கள். அடுத்த ஏற்றத்தில் அடுத்த மடு. அந்த அரசன் க்ஷத்ரபன் நகபானன் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. நாணயம் அடிக்கவும் படை நடத்தவும் தெரிந்த அரசுக்கு எந்தத் திதியில் எந்த மடுவரை நீர் போகும் என்பது தெரியாது. அது மீனவர் வசம் இருந்த அறிவு.

என் வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் வரலாம். பரூச்சை வளர்த்தது அதன் பின்நிலமும் அரசியலும்தான் என்பது முதலாவது. வலுவான மறுப்புதான். பைத்தானிலிருந்து 20 நாள் வண்டிப் பயணத்தில் சரக்கு வந்தது. சாதவாகனரின் கல்யாண் துறைக்குப் போகும் கிரேக்கக் கப்பல்களைக் காவலோடு பரூச்சுக்குத் திருப்பிவிட்டார்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. ஆனால் காவலர்களால் கப்பலை முகத்துவாரம்வரைதான் கொண்டுவந்திருக்க முடியும். அங்கிருந்து மேலே ஏற்ற நகபானனின் ஆணை போதாது. அதனால்தான் அவன் மீனவர்களுக்குப் படியளந்தான். ஓதம் ஒரு இடையூறு, பரூச் அதையும் மீறி வளர்ந்தது என்பது இரண்டாவது. சரக்கேற்றிய கப்பல் ஆற்றோட்டத்தை எதிர்த்து 50 கிலோமீட்டர் எப்படிப் போயிருக்கும் என்று கேட்டால் இந்த மறுப்பு நிற்காது. ஆற்றைத் திருப்பிவிட்ட அதே நீர்தான் கப்பலையும் தூக்கிச் சென்றது. அதே வளைகுடாவின் மேற்குக் கரையில் அலங் என்ற ஊர் இருக்கிறது. 1983 முதல் உலகின் பழைய கப்பல்களை அங்கே உடைக்கிறார்கள். பெரும் எண்ணெய்க் கப்பலைக்கூட அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் கரைமேல் ஓட்டி ஏற்றிவிடுகிறார்கள்; நீர் வற்றியதும் உடைப்பு தொடங்குகிறது. துறைமேடை கட்டும் செலவை நிலவு மிச்சப்படுத்துகிறது.

அருகிலுள்ள லோத்தலையும் இங்கே சாட்சிக்கு அழைப்பார்கள். தொல்லியலாளர் எஸ்.ஆர்.ராவ் அங்கே அகழ்ந்தெடுத்த செங்கல் குளத்தை ஹரப்பர்களின் ஓதத் துறை என்று அவர் சொன்னார், பாசனக் குளம் என்று ஆய்வாளர் லெஷ்னிக் மறுத்தார். அந்த வழக்கு முடியும்வரை பரூச்சின் வாதத்தை அதன்மேல் நிறுத்த வேண்டாம். 1342இல் அதே வளைகுடாவின் காம்பே துறைக்கு வந்த பயணி இப்னு பதூதா, வற்றத்தில் சேற்றில் கிடந்த கப்பல்கள் ஏற்றத்தில் மிதந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். அதுவே போதுமான சாட்சி.

ஓதம் கப்பலோடு வண்டலையும் சுமந்து வந்தது. காம்பே துறை தூர்ந்தது, பெரிய வணிகம் சூரத்துக்குப் போனது, பரூச் சிறிய துறையாகச் சுருங்கியது. இன்று ஆற்றின் நிலையே மாறிவிட்டது. மேலே சர்தார் சரோவர் அணை 2017இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கீழே இறங்கும் நன்னீர் குறையக் குறைய, ஓதம் கடலின் உப்பைப் பரூச் வரை ஏற்றிவிடுகிறது. கரையோர வயல்களும் கிணறுகளும் கெடுகின்றன. அந்த உப்பைத் தடுக்க, பரூச்சுக்கும் கடலுக்கும் இடையே பாட்பூத் என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே கதவணை எழுப்புகிறார்கள். உழவர்களின் துயரம் பொய்யில்லை, அதற்குத் தீர்வு வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் முட்டையிடக் கடலிலிருந்து நர்மதைக்கு ஏறிவரும் உல்லம் மீனை நம்பி அந்தக் கரையில் மீனவக் குடும்பங்கள் பிழைக்கின்றன. மீன் ஏறும் வழி அடைபடும் என்று அவர்கள் கதவணையை எதிர்க்கிறார்கள். அணையின் கதவுகள் எந்தத் திதியில், எந்த ஏற்றத்துக்குத் திறக்கும் என்பது அவர்களையும் உட்காரவைத்துப் பேசி முடிவுசெய்ய வேண்டிய விஷயம்.