ஆறு மணிக்குமுன் கூடாத சபை

இங்கிலாந்தில் கவுண்டி எனப்படும் பிரதேசங்களை, தேர்தலின்றி நியமனம் பெற்ற நீதிபதிகளே, பெரும்பாலும் நிலப்பிரபுக்கள், நெடுங்காலம் நிர்வகித்து வந்தனர். 1888-ம் வருஷத்துச் சட்டம் அவ்வதிகாரத்தில் பெரும்பகுதியை ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் கவுண்டி சபைகளுக்கு மாற்றிற்று. ஆயினும் கிராமத்துக் கூலியாளுக்கு அச்சபை எட்டாத தூரமேயன்றோ?

1894-ம் வருஷத்துச் சட்டம் அக்குறையை ஒருவாறு நீக்கிற்று. கிராமவாசிகள் கூடும் பாரிஷ் கூட்டம் மாலை 6 மணிக்குமுன் தொடங்கலாகாதென விதித்தது. அச்சட்டத்தின் பெரிய பிரிவுகளினும் இச்சிறு விதியையே நாம் மிகவும் மெச்சுகிறோம். வயலினின்று மீண்டவனும் வந்தமர வழி பிறந்ததன்றோ! குடிநீர், சாக்கடை வசதிகளை வட்டச் சபை அலட்சியம் செய்யின், பாரிஷ் சபை கவுண்டி சபையிடம் முறையிட அன்று இடமிருந்தது. அதுவும் விசாரித்து, அவ்வேலையைத் தானே ஏற்க முடிந்தது. விவாகமான ஸ்திரீகளும் பாரிஷ் சபையில் அங்கத்தினராகலாயிற்று. கவுண்டி சபையிலோ, ஸ்திரீகள் 1907 வரை காத்திருக்க நேர்ந்தது.