ஓக் விதையும் ஒரு வகுப்பறையும்



இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1978ஆம் ஆண்டு ஹெர்மன் ஹௌசரும் கிரிஸ் கர்ரியும் ஒரு சிறு கணினி நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் பெயர் ஏகார்ன். ஓக் மரத்தின் விதை என்று பொருள். 1981இல் அந்நிறுவனம் வெளியிட்ட பிபிசி மைக்ரோ கணினி, பிரிட்டிஷ் பள்ளிகளில் பரவலாக இடம்பெற்றது. ஒரு தலைமுறை மாணவர்கள் அதில்தான் நிரல் எழுதப் பழகினர். சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அங்கு வடிவமைத்த ஆர்ம் சில்லு 1985இல் இயங்கியது. அதன் வழித்தோன்றல்களே இன்று நம் கைப்பேசிகளை இயக்குகின்றன.

ஏகார்ன் நிறுவனம் இன்று இல்லை. ஆயினும், கேம்பிரிட்ஜில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதன் கணினிகளைப் பேணி வருகிறது. 1980களின் வகுப்பறையைப் போலவே ஓர் அறையில் அவற்றை வைத்துள்ளனர். கண்ணாடிப் பேழைக்குள் அல்ல! பிள்ளைகள் விசைகளைத் தட்டி, தாமே நிரல் எழுதிப் பார்க்கலாம். தம் ஊரில் பிறந்த பொருளைத் தொட்டறியும் பிள்ளைக்கு வரலாறு அந்நியமாகத் தோன்றுமா?

எங்கள் பள்ளியின் முதல் கணினியைக் கழிவுப் பொருளாக ஏற்றி அனுப்பியவர்களுள் நானும் ஒருத்தி. இன்று மாணவர்களுக்குக் காட்ட ஒரு படம்கூட என்னிடம் இல்லை. உங்கள் பள்ளிக் கிடங்கில் அப்படி ஒன்று எஞ்சியிருந்தால், அருள்கூர்ந்து எறிந்துவிடாதீர்கள்.