சுதைச் சிற்பங்களும் பழைய வண்ணமும்

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில், அதாவது தம் ஊராரையே திரட்டிவரும் மேற்பார்வையாளர் வழியாக, வந்த தமிழர் மாரியம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் எழுப்பினர். எளிய கொட்டகையாகத் தொடங்கிய இக்கோயில்களில் பல, பிற்காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்பிகளால் சுதைச் சிற்பங்கள் பெற்றன. சுதை என்பது செங்கல் உருவின்மேல் சுண்ணாம்பும் மணலும் குழைத்துச் செய்யும் வேலை. அதில் சிமெண்டு புகுந்தது பின்னரே.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்துவது மரபு. அதற்குமுன் இறையாற்றலைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயம் முடிந்ததும், பழைய வண்ணம் சுரண்டப்படும். சுண்ணாம்பில் கலந்த காவி போன்ற மண் நிறங்கள் சுவரோடு ஒன்றி ஈரத்தை வெளியே விட்டன. அவற்றின் இடத்துக்கு வந்த எனாமலோ படலமாகப் படிந்து, ஈரத்தை உள்ளே அடைத்து உரிவதுடன், அடுக்கடுக்காகத் தடித்து இமையையும் விரல் நுனியையும் மறைத்தது. சிறிய உலோகப் பொம்மையைக் கரைசலில் ஊறவைத்து வண்ணம் நீக்கலாம். கோபுரச் சிற்பத்துக்கு அது இயலாது. அமிலம் சுண்ணாம்பையே கரைக்கும். எரிசோடா உப்பைத் தங்கவிட்டுப் பூச்சைப் பொரியச் செய்யும். கம்பித் தூரிகை சிற்பியின் கைத்தடத்தை அழிக்கும். ஆகவே மூங்கில் சீவலும் பொறுமையுமே தக்க கருவிகள். திருப்பணிக் குழுவினர் சுரண்டத் தொடங்குமுன் ஒவ்வோர் உருவத்தையும் படமெடுத்து, அடியிலுள்ள நிறங்களைப் பதிந்து வைக்க வேண்டும்.