சிறுபால நுழைவாய்

சிறுபால நுழைவாய் என்பது, சாலைக்கோ இருப்புப்பாதைக்கோ அடியில் செல்லும் சிறுபாலத்துக்குள் ஓடைநீர் புகும் முகப்பு. இந்திய சாலைகள் காங்கிரஸின் வகைப்பாட்டில், 6 மீட்டர் நீளம் வரை உள்ளவை சிறுபாலங்கள்.

சரிவு கூடிய சிறுபாலத்தில் உள்ளே புகுந்த நீர் தடையின்றி ஓடிவிடும். எவ்வளவு புகலாம் என்பதை வாய்தான் முடிவுசெய்கிறது. இது நுழைவாய்க் கட்டுப்பாடு. இந்நிலையில் குழாயின் உட்புறத்தை என்னதான் வழவழப்பாக்கினாலும் ஒரு சொட்டு நீர் கூடுதலாகப் போகாது. சரிவு குறைந்து குழாய் நீண்டிருந்தாலோ, கீழ்ப்புறம் நீர் தேங்கி நின்றாலோ கட்டுப்பாடு வெளிவாய்க்கு மாறும்.

பக்கவாட்டில் வரும் நீர், கூரான விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாமல் சுவரை விட்டு விலகிச் சுருங்கி, சற்றுத் தள்ளியே விரிகிறது. வாயின் ஒரு பகுதி இதனால் வீணாகிறது. குழாய் நிறைந்து ஓடும்போது இந்த இழப்பை ஒரு கெழுவால் குறிப்பர். மண்கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நெளி உலோகக் குழாய்க்கு அது 0.9, முகப்புச் சுவரில் பதித்த சதுர விளிம்புக் குழாய்க்கு 0.5, விளிம்பு சாய்த்து வெட்டப்பட்டதற்கு 0.2. நீர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடினால், மற்றவை மாறாதிருக்க, முதலாவதற்கும் கடைசிக்கும் மேற்புற நீர்மட்டத்தில் ஏறத்தாழ 32 செ.மீ. வேறுபாடு வரும். சாலை மூழ்குவதற்கும் தப்புவதற்கும் சில இடங்களில் அதுவே போதும்.

இவ்வளவுக்கும் செலவு சொற்பம். கான்கிரீட் குழாயின் அகன்ற முனை மேற்புறம் பார்த்திருந்தாலே கெழு 0.2 ஆகிவிடும்; அளவு சரிப்படவில்லையென்று அந்த முனையை அறுத்துத் தள்ளுவது, கையிலுள்ள ஆதாயத்தை எறிவதாகும். பெட்டி வடிவச் சிறுபாலத்தில் 45 பாகைச் சாய்வுக்கு, ஒரு மீட்டர் உயரத்துக்கு சுமார் 4 செ.மீ. வீதம் மேல்விளிம்பை வெட்டுவர். வார்ப்புப் பலகையின் மூலையில் முக்கோணக் கட்டை வைத்தால் வேலை முடிந்தது.

அமெரிக்க தேசியத் தர அலுவலகத்தில் ஜான் எல். பிரெஞ்ச் 1950களில் தொடங்கி நடத்திய மாதிரிச் சோதனைகள் இத்துறைக்கு அடித்தளமிட்டவற்றுள் அடங்கும். அந்நாட்டுக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் 1985ஆம் ஆண்டுக் கையேடு, சாய்விளிம்பால் கொள்திறன் 5 முதல் 20 விழுக்காடு வரை உயரும் என்கிறது. பக்கங்கள் படிப்படியாகக் குறுகும் நுழைவாய் அதைவிட மேல். தரையும் சேர்ந்து சரியும் வகை சில இடங்களில் கொள்திறனை இரட்டிப்பாக்கியும் விடுகிறது.

நீட்டிய உலோகக் குழாய்க்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: வெள்ளத்தில் மிதப்பு விசை அதன் முனையைத் தூக்கி மடக்கிவிடலாம். முகப்புச் சுவரின் எடை இதைத் தடுக்கும். குப்பையும் கிளைகளும் வாயை அடைத்துவிட்டால் மேற்கண்ட கணக்கு எதுவும் பொருந்தாது. குப்பையைத் தடுக்க வாயில் வைக்கும் நெருக்கமான கம்பி வலையே அடைப்புக்குக் காரணமாவதும் உண்டு.

நுழைவாய்க் கட்டுப்பாட்டில் உள்ள பழைய சிறுபாலம் போதாமல் போனால், சாலையைத் தோண்டாமல் வாயை மட்டும் மாற்றிக் கட்டலாம். ஆனால் கூடுதலாக வரும் நீரைக் கீழ்ப்புற ஓடை தாங்குமா, மண் அரிக்குமா என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.