கோயில் காடு தந்த விதை

பழைய தென் ஆற்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடி கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலை. கிழக்குக் கோடி மரக்காணம், வானூர்க் கடற்கரை. 1993இல் விழுப்புரமும் 2019இல் கள்ளக்குறிச்சியும் தனி மாவட்டங்களாயின. அழிந்த காட்டை அதே மண்ணின் மரங்களைக் கொண்டு மீட்கும் முயற்சிகளில் தமிழகத்தில் முன்னோடியானது இந்தக் கிழக்குக் கரையில் நடந்தது.

கரையோரக் காட்டைத் தாவரவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். இந்தியாவில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையை ஒட்டிய ஒடுங்கிய நிலப்பட்டையில் இது பரவியிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் இதற்குப் பெரும் ஆதாரம். அதன்பின் பல மாதங்கள் வறட்சி. ஆனாலும் மரங்கள் மொட்டையாக நிற்பதில்லை. சிறிய தடித்த இலைகள் நீரைச் சிக்கனமாகச் செலவிட, வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி, காயா முதலியவை கோடையிலும் பசுமையாக இருக்கும். இக்காடு உயரத்தில் குறைவு. கொடிகள் பின்னிய நெருக்கத்தில் மிகுதி.

விறகுக்கும் கரிக்கும் கட்டுமானத்துக்கும் வெட்டப்பட்டுக் காடு சுருங்கியது. வெட்டிய இடங்களில் மல்லாட்டை எனும் நிலக்கடலையும் முந்திரியும் பயிராயின. மரம் போனபின் மேல்மண் ஒவ்வொரு மழைக்கும் கடலுக்கு ஓடியது. புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேடு பள்ளத்தாக்குகளாக அரிக்கப்பட்டது. கடுவெளிச் சித்தரின் சாபத்தால் நிலம் பாலையாயிற்று என்று இரும்பை ஊரில் ஒரு கதை வழங்குகிறது.

காடு தப்பிப் பிழைத்தது பெரும்பாலும் தெய்வத்தின் எல்லைக்குள்தான். மரக்காணம் செல்லும் வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காடு அதற்கு நல்ல சான்று. சாமி காட்டில் மரம் வெட்டலாகாது என்ற ஊர்க்கட்டுப்பாடு அதைக் காத்தது. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இத்தகைய காடுகளை ஆராய்ந்து, கரையின் இயற்கைத் தாவரங்கள் எவை என்று பதிவு செய்தனர்.

1968 பிப்ரவரி 28இல் அந்த அரிக்கப்பட்ட செம்மண் மேட்டில் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபோது முதல் வேலை மண்ணைப் பிடித்து நிறுத்துவதாக இருந்தது. சுற்றுக் கிராமத்தாரும் புதிதாகக் குடியேறியவர்களும் சேர்ந்து வரப்பு கட்டினர். மழைநீர் விழுந்த இடத்திலேயே இறங்கியது. ஆஸ்திரேலிய அக்கேசியா போன்ற விரைவாக வளரும் மரங்களை முதலில் நட்டனர். அவற்றின் நிழலில் மண் தேறிய பிறகு உள்ளூர் மரங்களின் முறை வந்தது. விதைகளுக்குக் கோயில் காடுகளையே நாடினர். மரங்கள் காய்த்ததும் பழந்தின்னிப் பறவைகளும் வௌவால்களும் மரநாய்களும் விதைகளைத் தாமே பரப்பத் தொடங்கின. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபோது அயல்நாட்டு அக்கேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. உள்ளூர் மரங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

1973இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு இம்முயற்சியைச் சுற்றுப்புறத்துக்கும் கொண்டுசென்றது. நடுக்குப்பத்தில் பள்ளிப் பிள்ளைகள் நாற்று வளர்த்து, மரங்களையும் உயிரினங்களையும் பெயர் சொல்லி அறியும் கல்வி அதன் வழி உருவானது. அருகிலுள்ள கழுவெளி ஏரி வலசைப் பறவைகளின் பெரிய தங்குமிடம். 2021இல் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015 முதல் தை மாதத்தில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஆர்வலர்களும் தம் ஊர்ப் பறவைகளை எண்ணிப் பதிவு செய்கின்றனர். எந்த இடத்துக்கு எந்தப் பறவை திரும்பியது என்பது இத்தகைய தொடர்பதிவால்தான் தெரியவரும்.

கரைக்காட்டு நாற்றைக் கல்வராயன் மலைக்குக் கொண்டுபோய் நடுவது மீட்பு ஆகாது. அங்கே மலைச்சரிவுகளில் இலையுதிர் காடு. கடுக்காயும் புளியும் தேனும் மலையாளிப் பழங்குடியினரின் வாழ்வோடு கலந்தவை. மலைக்கு மலையின் விதையே வேண்டும். அது எந்த மரத்தடியில் கிடைக்கும் என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டைக் காக்கவும் புதுப்பிக்கவும் வனவாழ் மக்களுக்கு உரிமை தருகிறது. கரையில் அய்யனார் பேரால் ஊர் ஏற்ற காவலை, மலையில் கிராம சபை சட்டத்தின் துணையோடு ஏற்க இது வழிசெய்கிறது.