பாண்டிநாட்டுப் பரிகளும் அவற்றைப் பேணிய முறையும்

மதுரைத் திருவாலவாயில் ஆண்டுதோறும் ஆவணி மூலப் பெருவிழாவிலே நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் கொண்டாடப்பெறுவதை அறியாத சைவர் இலர். திருவாதவூரடிகள் அரிமர்த்தன பாண்டியனுக்கு அமைச்சராயிருந்து, பரிகொள்ளுமாறு அவன் தந்த பெரும்பொருளொடு திருப்பெருந்துறைக்குச் சென்று, ஆண்டுக் குருந்த மரநீழலிற் குருவடிவங்கொண்டு எழுந்தருளிய இறைவனால் ஆட்கொள்ளப்பட்டு, அப்பொருளனைத்தையும் திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவிட்டனர் என்பது புராண வரலாறு. அத்திருவிளையாடலின் உட்பொருள் அருளியலைச் சார்ந்தது. அதனை வணிகக் கணக்கால் அளத்தல் பொருந்தாது. ஆயினும் அதன் புறத்தே நிற்பதொரு வினா வரலாற்று நெறிக்கு உரியது. பாண்டியன் தன் பண்டாரத்துப் பொருளைக் குவித்துக் கடற்றுறைக்குக் குதிரை வாங்க விடுக்க வேண்டியதென்னை? வாங்கிய குதிரைகள் அவன் நாட்டில் யாங்ஙனம் பேணப்பட்டன? அடிகளது காலம்பற்றிய ஆராய்ச்சி இவண் வேண்டப்படுவதன்று. அவர்க்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட அயல்நாட்டார் குறிப்புக்களே இவ்வினாவிற்கு விரிவான விடை தருகின்றன.

நற்பரிகள் தமிழகத்திற்குக் கடல் வழியாக வந்தமை பழைய செய்தி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கிய பொருள்களுள் கலத்தின் வந்த குதிரைகளை முதற்கண் வைத்தெண்ணுகின்றது. உயர்ந்த குதிரைக்கு ஏற்ற உலர்ந்த காற்றும் பரந்த புல்வெளியும் இந்நாட்டிற்கு இயல்பாக அமைந்தில. 1292-ஆம் ஆண்டையொட்டிப் பாண்டிநாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, உயர்ந்த ஆண்குதிரையோடு உயர்ந்த பெட்டைக் குதிரையைச் சேர்ப்பினும் இந்நாட்டிற் பிறக்கும் குட்டி சிறிதாய்க் கால் கோணி ஏறுதற்கு உதவாததாகின்றது என்று எழுதினர். ஆகவே படைக்கு வேண்டிய பரிகளை ஆண்டுதோறும் புதியனவாக வாங்குவதன்றி வேறு வழியின்றாயிற்று.

அவ்வாணிகத்தின் பெருமையை இருவர் கூறுகின்றனர். அந்நாளிற் பாண்டிநாட்டை ஆண்ட உடன்பிறந்தார் ஐவரும் தனித்தனி ஆண்டிற்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினர் என்பது போலோவின் கூற்று. பாரசீக வரலாற்றாசிரியராகிய வஸ்ஸாப், பாரசீகத்தில் அத்தாபேகு அபூபக்கர் ஆண்ட காலத்தில் (1226–1260) மாபார் எனப்பட்ட தமிழகக் கடற்கரைக்கும் காம்பேத் துறைக்கும் பிற துறைகட்கும் ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் ஏற்றப்பட்டன என்றும், அவற்றின் விலை 22,00,000 தினார் என்றும் குறிக்கின்றனர். தம் காலத்தில் ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் எனவும், கீஷ் தீவின் தலைவராகிய ஜமாலுத்தீன் தாம் மட்டுமே ஆண்டிற்கு 1,400 குதிரை அனுப்பினர் எனவும் அவர் கூறுவர். இவ்விருவர் கூற்றும் வணிகர் வாய்ச்சொல்லைத் தழுவியனவாதலின் எண்கள் சிறிது மிகைபட நிற்றல் கூடும். வாணிகம் மிகப் பெரிதென்பதில் ஐயமில்லை.

இனிக் கடற்பயணத்தை நோக்குக. ஹோர்மூஸ் துறைக் கலங்களைப் போலோ நேரிற் கண்டு இகழ்ந்து எழுதியிருக்கின்றனர். அவை இரும்பாணியின்றித் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை, ஒரு பாய்மரமும் ஒரு சுக்கானும் உடையவை, மேற்றளம் இல்லாதவை. சரக்கை ஏற்றி அதன்மீது தோல்களைப் பரப்பி, அத்தோல்களின்மேற் குதிரைகளை நிறுத்தி இந்தியாவிற்குக் கொண்டு வந்தனர். தோபார்த் துறையினின்றும் குதிரைகள் இந்தியாவிற்குச் சென்றன. காற்று வாய்ப்பின் அப்பயணம் ஒரு திங்களில் முடியுமென்பது 14-ஆம் நூற்றாண்டினராகிய இபின் பதூதாவின் கூற்று. நிற்கும் குதிரையொன்றிற்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 லிட்டர் வரை நன்னீர் வேண்டும். வெப்ப மிகுந்தால் அதனினும் மிகும். ஆகவே ஒரு திங்களுக்கு ஒரு குதிரைக்கே 600 லிட்டருக்குக் குறையாத நீர் கலத்தில் ஏற்றப்படல் வேண்டும். நீர் குறையின் குதிரைக்கு உண்ட தீனி குடலில் இறுகும்; குதிரையோ வாந்தி செய்ய மாட்டாத விலங்கு. தலையைத் தாழ்த்த இடமின்றி நெடுநாள் உயரக் கட்டப்பட்ட குதிரைக்கு மூச்சுக்குழலிற் சேரும் அழுக்கு வெளிப்படாமல் நுரையீரல் அழற்சி உண்டாகும் என்பது இக்கால விலங்கு மருத்துவம் தெளிந்த உண்மை. துறையில் இறங்கிய பரி வன்மையிற் குறைந்தே இறங்கியது என்று கொள்ளல் வேண்டும். அதற்கு முதற்கண் வேண்டியது ஓய்வும், நீரும், எளிய தீனியும், மெல்ல மெல்லப் பெருக்கும் நடையுமே.

பருவத்தின் இயல்பும் ஈண்டு நினைக்கற்பாலது. ஆனி ஆடித் திங்களில் தென்மேற்குக் காற்று மிகுந்து வீசுதலின் மேல்கடலிற் கலஞ் செல்லுதல் அரிது. ஆவணியில் அக்காற்றுத் தணியத் தொடங்கும். அதன் இறுதி வீச்சைத் துணைக்கொண்டு அரபு நாட்டுக் கலங்கள் கீழ்த்திசை நோக்கி வருவது வழக்கம். குதிரைகள் ஆவணி மூலத்தன்று வருமென்று இறைவன் அருளியதாகப் புராணம் கூறுவது இக்கடற்பருவத்தோடு பொருந்தி நிற்கின்றது. அங்ஙனம் வந்த பரிகள் இரண்டு திங்களுள் ஐப்பசி கார்த்திகை அடைமழையை எதிர்ப்பட்டன. உலர்ந்த பாலை நிலத்துப் பிறந்த குதிரைக்கு ஈரத்தரை குளம்பை அழுகச் செய்யும். மழைநாளிற் பெருகும் குருதியுறிஞ்சும் ஈக்கள் நோயைப் பரப்பும். குதிரைகளைக் கொல்லும் சர்ரா நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1880-ஆம் ஆண்டிற் பஞ்சாபில் கிரிபித் எவான்ஸ் என்பார் குருதியிற் கண்டறிந்தனர். அதற்கு முன்னர் அந்நோயின் மூலத்தை எந்நாட்டாரும் அறிந்திலர்.

இலாயத்தில் நிகழ்ந்ததை வஸ்ஸாப் விளக்குகின்றனர். வந்த குதிரைகட்குப் பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய ஆவின்பாலைக் குடிக்கச் செய்தனர். கொழுக்கும்பொருட்டு 40 நாள் முளையடித்துக் கயிற்றாற் பிணித்து நிறுத்தினர். பின்னர்ப் பழக்கமும் அங்கவடியும் இன்றி வீரர் அவற்றின்மேல் ஏறிக் கடுக ஓட்டினர். விரைவும் வன்மையும் உடைய பரிகள் சின்னாளில் மெலிந்து மந்தமாயின என்பர். இறைச்சி சேர்த்து வேவித்த சோற்றைக் குதிரைக்கு இட்டனர் என்று போலோவும் எழுதினர். ஆண்டிறுதியில் அத்தனை குதிரைகளுள் நூறு எஞ்சுவதும் அரிதென்பது அவர் கூற்று. கொழுத்த தீனியுண்டு அசையாது நின்ற குதிரைக்கு வயிற்றுநோவும் குளம்பழற்சியும் வருதலும், அந்நிலையில் திடீரென ஓட்டப்படின் தசை சிதைந்து வீழ்தலும் இன்றும் காணப்படுவன.

இவற்றைக் கொண்டு தமிழர் குதிரையியலை அறியாதவர் என்று அயலார் முடித்தனர். அம்முடிபு ஆராயத்தக்கது. வேவித்த தானியமும், நெய்யும், இறைச்சியும், பாலும் குதிரைக்கு இடுதல் பாண்டிநாட்டார் புதிதாகப் புனைந்ததன்று. 1909-ஆம் ஆண்டில் மைசூரில் சாமசாத்திரியாரால் வெளியிடப்பெற்ற கௌடிலீய அருத்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் அசுவாத்தியக்கன் கடமை கூறும் பகுதியில், உயர்ந்த குதிரைக்குரிய நாட்படியாக அரைவேக்காடோ முழுவேக்காடோ ஆகிய தானியமும், உப்பும், கொழுப்பும், இறைச்சியும், தயிரும், மதுவோ அதற்கீடான பாலோ விதிக்கப்பட்டுள்ளன. ஆகவே அயலார் நகைத்த தீனி பாரத நாட்டுப் பழைய நூல்நெறியைச் சார்ந்ததேயாம்.

ஆனால் அந்நூல் தீனியோடு நின்றுவிடவில்லை. குதிரையொன்றிற்கு அதன் நீளத்தளவு நாற்புறமும் இடம் அளித்தல் வேண்டும். தரையில் வழுவழுப்பான பலகை பரப்பல் வேண்டும். உண்ணுந் தொட்டி வேறாகவும், சிறுநீரும் சாணமும் கழியும் வழி வேறாகவும் அமைத்தல் வேண்டும். நாள்தோறும் இருமுறை நீராட்டல் வேண்டும். மருத்துவர் உடல் மெலிவையும் மிகைக்கொழுப்பையும் மாற்றுவதோடு பருவந்தோறும் உணவை வேறுபடுத்தல் வேண்டும் என்று அது விதிக்கின்றது. மருந்தும் முறையும் தவறி நோய் மிகின் செலவின் இருமடங்கும், அத்தவற்றால் விலங்கு மாளின் அதன் விலையும் தண்டமாகும். ஆசுவயுசத் திங்களின் ஒன்பதாம் நாளிலும், பயணத்தின் தொடக்கத்தும் முடிவிலும், நோயுற்றபோதும் குதிரைகட்கு நீராசனம் செய்யப்படும். பலகைத் தரையும் பருவ உணவும் இன்றி நெய்யையும் பாலையும் மட்டும் கைக்கொள்ளின், நூல் முழுவதையும் கைக்கொண்டதாகாது.

தமிழ்நூல்களை நோக்கினும் இதுவே புலனாகின்றது. நிகண்டுகள் பாண்டியன் குதிரைக்குக் கனவட்டம் என்றும், சோழன் குதிரைக்குக் கோரம் என்றும், சேரன் குதிரைக்குப் பாடலம் என்றும் தனித்தனிப் பெயர் வகுத்தன. பரஞ்சோதி முனிவர் நரி பரியாக்கிய படலத்திற் பரிகளின் இலக்கணத்தை இறைவன் திருவாக்காகவே அமைத்தனர். நல்ல பரியைத் தேர்ந்தறியும் புலமை இந்நாட்டில் நிரம்ப இருந்தது. தேர்ந்த பரியை நாள்தோறும் பேணும் கைத்தொழிலோ அத்துணை வளர்ந்திலது. குதிரையின் குளம்பிற்கு இலாடம் கட்டுவாரும் நோய் தீர்ப்பாரும் இந்நாட்டிற்கு வராதபடி வணிகர் தடுத்தனர் என்றும், பரிகள் விரைவில் மாளுதல் அவர்க்கு ஊதியமாயிற்று என்றும் போலோ கூறுகின்றனர்.

இதனோடு வஸ்ஸாப் கூறும் மற்றிரண்டு செய்திகள் இணைத்தெண்ணத் தக்கன. வழியில் மாண்ட குதிரைக்கும் அரசன் விலை கொடுத்தல் வேண்டும் என்பது அவ்வணிகத்தின் உடன்படிக்கை. குதிரை விற்ற ஜமாலுத்தீனின் உடன்பிறந்தாராகிய தகியுத்தீன் என்பாரே பாண்டியனுக்கு அமைச்சராய்க் காயல் முதலிய துறைகளை மேற்பார்த்தனர். விற்பார் ஒருவர், கொள்வார்க்கு அமைச்சர் அவர் உடன்பிறந்தார், இடையில் மாண்டதற்கும் விலை உண்டு எனின், குதிரை வாழவேண்டும் என்னும் கவலை யாருக்குத்தான் உண்டாகும்? புராணத்துட் பரிவணிகராக வந்த பெருமானோ கயிறு மாறிக் கொடுத்த பின்னரே பரிகள் அரசனுடையனவாதல் முறை என்று அவையறிய உரைத்துக் கொடுத்தனர். கயிறு மாறுமளவும் விற்பார்க்குப் பொறுப்பு. மாறிய பின் கொண்டார்க்குப் பொறுப்பு. அறத்தொடு பட்ட வாணிகத்தின் வரம்பு அதுவே.

வஸ்ஸாப் கூறுவனவற்றுட் சைவர் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. 22,00,000 தினாரும் கோயில்களின் நிலவருவாய், கொடைகள் ஆகியவற்றின் மிகுதியினின்றும், கோயிலைச் சார்ந்த கணிகையர் இறுத்த வரியினின்றும் கொடுக்கப்பட்டன. அரசன் பண்டாரம் தொடப்படவில்லை என்பதே அது. அவர் காம்பே முதலிய துறைகளையும் சேர்த்துக் கூறுதலின், அத்தொகை முழுதும் பாண்டிநாட்டுத் தேவதானப் பொருளென்று கொள்ளற்க. எனினும், விளக்கிற்கும் திருவமுதிற்கும் அடியார் வைத்த பொருளில் ஒரு பகுதியேனும் ஆண்டிறுதிக்குள் மாண்டொழியும் பரிகட்குச் செலவாயிற்று என்னின், அதன் இழப்பு பொன்னிழப்பு மட்டும் அன்று.

வாதவூரடிகள் பரிக்கென வைத்த பொன்னைத் திருக்கோயிற்கு ஆக்கினர். அதற்காக அரசனது ஒறுப்பிற்கு உள்ளாயினர். பின்வந்த அரசரோ திருக்கோயிற்கென வைத்த பொன்னைப் பரிக்கு ஆக்கினர். அவரை ஒறுப்பார் ஒருவரும் இலர். அடிகள் செலவிட்ட பொருள் இன்றும் திருப்பெருந்துறையிற் கல்லாய் நிற்கின்றதென அன்பர் போற்றுவர். அரசர் செலவிட்ட பொருள் இலாயத்து ஈரத்தரையில் அழிந்தது.

இவ்வழிவிற்குக் காரணம் நூலின்மை அன்று, பேணாமையே. வாய்பேசா உயிரொன்றைக் கடல்கடத்திக் கொணர்ந்து தனதென்று கட்டினவன், அதன் பசியும் வேட்கையும் பருவத்துன்பமும் தன்மேலன என்று உணர்தல் வேண்டும். உடைமை என்பது பெறுவதனோடு முடிவதன்று, காப்பதனால் நிறைவுறுவது. உயிர்களை உடையானாகிய இறைவன் அவற்றை ஒரு கணமும் நீங்காது நின்று காத்தலைச் சித்தாந்த நூல்கள் வற்புறுத்துகின்றன. அந்நெறியினர் தம் வாயிலிற் கட்டிய விலங்கைக் காவாது விடுதல் தாம் கொண்ட கொள்கைக்கு மாறாகும். இலக்கணம் அறிந்து பரி கொள்ளுதல் அறிவு. கொண்ட பரிக்கு உலர்ந்த தரையும், காலத்தொடு நீரும், பருவத்திற்கேற்ற தீனியும் தருதல் அறம். முன்னதிற் சிறந்து பின்னதிற் குறைந்தமையால் நேர்ந்த கேட்டிற்குப் பாண்டிநாட்டுப் பரிகளின் வரலாறு சான்றாகின்றது.